கழிக்கும் தலைக்கும் நடுவே ஒரு பூண்

போன மாதம் பால்கனிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நீளக் கழியின் தலை கழன்று கீழே விழுந்தது. எங்கள் வீடு இரண்டாவது மாடி. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. எடுத்து வந்து பார்த்தால் அலுமினியக் கழிக்கு ஒரு கீறல்கூட இல்லை, பிரஷ்ஷும் முழுசாக இருக்கிறது. இரண்டையும் சேர்க்கிற பிளாஸ்டிக் மரை மட்டும் கழுத்தோடு முறிந்திருந்தது. மரை கழன்றது கழிக்கா எனக்கா என்று வீட்டில் ஒரு கேள்வி வந்தது, அதை விடுங்கள். அந்த இரண்டு அங்குல பிளாஸ்டிக்கைப் பற்றித் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

கதையை அமெரிக்காவின் ஓக்லண்டில் தொடங்கலாம். அங்கே ஜன்னல் துடைக்கும் தொழில் செய்தவர் எட்டோரே ஸ்டெக்கோனே, இத்தாலியிலிருந்து குடியேறியவர். அவர் காலத்தில் புழக்கத்தில் இருந்த 'சிகாகோ ஸ்க்வீஜி' ஒரு கனமான சாமான். இரண்டு ரப்பர் பட்டை, அதை மாற்றணும்னா 12 திருகுகளைக் கழற்ற வேண்டும். ஸ்டெக்கோனே லேசான பித்தளையில், ஒற்றை ரப்பர் பட்டையோடு ஒன்றைச் செய்து 1936-ல் காப்புரிமை வாங்கினார். நம்ம ஊரில் தரை தள்ளும் வைப்பரின் பணக்காரத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் பிடித்துத் துடைக்கும்போது எடை குறைந்தது ஒரு வசதி, அவ்வளவுதான். அதே தலையை ஒரு நீளக் கழியின் நுனியில் மாட்டினால் ஒவ்வொரு கிராமும் தோளில் தெரியும்.

மாட்டுவது எப்படி? இரண்டு வழி நிலைத்தது. ஒன்று, கூம்பு. ஸ்க்வீஜியின் கைப்பிடி உள்ளே பொள்ளல், கழியின் நுனி லேசாகக் கூம்பியது. செருகி ஒரு தட்டு தட்டினால் இறுகிவிடும். திருகு வேண்டாம், சாவி வேண்டாம். ஆனால் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஸ்க்வீஜியை மேலிருந்து கீழே இழுத்துத்தான் துடைக்க வேண்டும். இழுக்கும்போது ரப்பர் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், கழி கீழே வரும். அதாவது துடைக்கிற அசைவேதான் தலையைக் கழற்றுகிற அசைவும். பட்டன் வைத்துப் பூட்டும் கூம்புகள் வந்தது இதனால்தான்.

இன்னொரு வழி மரை. அமெரிக்கத் துடைப்பக் கழிகளில் பொதுவாக முக்கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 5 சுற்று, 'ஆக்மி' வகை மரை. ஐரோப்பியக் கழிகளின் மரை வேறு. அங்கே வாங்கிய பிரஷ் இங்கே பொருந்தாது, நடுவில் ஓர் அடாப்டர் போட வேண்டும். அடாப்டர் என்றாலே உடைவதற்கு இன்னொரு இடம். சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அதோடு பிரஷ்ஷைத் திருப்பித் திருப்பித் தேய்த்தால் மரை தானாகவே இளகும். அதனால் குறுக்கே துளை போட்டு ஒரு போல்ட்டை இறக்கிவிடுவது தொழிலாளர்கள் தாங்களே செய்துகொள்ளும் வைத்தியம்.

இதெல்லாம் சின்னத் தொல்லைகளாகவே இருந்திருக்கும், பிரிட்டனில் 2005 ஏப்ரல் 6 அன்று உயரப் பணி விதிகள் அமலுக்கு வராமல் இருந்திருந்தால். அந்த விதிகள் ஏணியைத் தடை செய்துவிட்டதாகப் பலர் சொல்வார்கள். தடையெல்லாம் இல்லை. தரையில் நின்றே செய்ய முடிகிற வேலைக்கு மேலே ஏறாதே என்பதுதான் விதியின் முதல் படி. ஏணியிலிருந்து விழுந்து சாகிற தொழிலில் அது பெரிய விஷயம். தண்ணீர் ஏறும் கழி முன்பே இருந்தது, இப்போது அதற்கு வேகம் கூடியது. ஆர்.ஓ., ரெசின் வழியாகத் தாதுக்களை நீக்கிய தண்ணீர் கழியோடு ஓடும் குழாய் வழியே பிரஷ்ஷுக்குப் போகும். உப்பு இல்லாத தண்ணீர் என்பதால் காய்ந்தாலும் கறை விழாது, துடைக்கவும் வேண்டாம்.

ஆள் தரைக்கு வந்தாயிற்று, கழிதான் நீண்டது. அலுமினியத்திலிருந்து கண்ணாடியிழைக்கும், பிறகு கார்பன் இழைக்கும் போனது. 10 மீட்டருக்கு மேலும் நீட்டலாம். நுனியில் மட்டும் பல கழிகளில் அதே பிளாஸ்டிக் கழுத்து.

ஒரு சின்னக் கணக்கு. பிரஷ் பொருத்தின வாயிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருக்கிறது, பக்கவாட்டில் 3 கிலோ அழுத்தம் விழுகிறது என்போம். கூம்பு 5 செ.மீ. ஆழம்தான் உள்ளே போயிருந்தால் அதன் உள்முனை 18 கிலோ தாங்க வேண்டும். 10 செ.மீ. போயிருந்தால் 9 கிலோ போதும். கெட்டியான பிளாஸ்டிக்கைத் தேடுவதைவிட ஆழமாகச் செருகுவது மேல் என்பது இதிலேயே தெரிகிறது.

அடுத்தது குழாயின் வாய் பிளப்பது. இதற்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: பூண். உலக்கை நுனி பிளக்காமல் இருக்கப் போடும் அதே இரும்பு வளையம். பிரிட்டிஷ் கடற்படையில் இருந்த லம்லி ராபின்சன் 1921-ல் காப்புரிமை பெற்ற 'ஜூபிலி கிளிப்', அதாவது ஹோஸ் கிளிப், திருகி இறுக்குகிற பூண்தான். ஜன்னல்காரர்கள் கழி வாயில் அதை மாட்டுகிறார்கள், இல்லாவிட்டால் எபாக்ஸி தடவி இழைத்துணி சுற்றுகிறார்கள். கார்பன் குழாயில் மட்டும் கிளிப்பை முரட்டுத்தனமாக இறுக்கக் கூடாது, நசுங்கிவிடும். துளை போடுவதும் வம்பு. பாரம் தாங்கும் இழைகளையே அறுத்துவிடுகிறோம். போட்டே ஆகணும்னா உள்ளே ஒரு உலோகக் குழாயை ஒட்டிவிட்டுப் போட வேண்டும்.

இவ்வளவும் படித்த பிறகு எனக்கு அந்தப் பிளாஸ்டிக் மேல் கோபம் குறைந்துவிட்டது. அது ஒரு ஃபியூஸ் மாதிரியும் வேலை செய்திருக்கிறது. கழுத்தை இரும்பாக்கினால் அடுத்த முறை குழாயின் வாய் உடையும். கார்பன் கழி என்றால் ஒரு பகுதியே போச்சு.

நான் மறுபடியும் பிளாஸ்டிக் முனையே வாங்கினேன், கொஞ்சம் நீளமானதாக. வாயில் ஒரு ஹோஸ் கிளிப். பிரஷ்ஷிலிருந்து கழிக்கு ஒரு நைலான் கயிறும் கட்டியிருக்கிறேன். கீழ்வீட்டுப் பாட்டி அந்த நேரத்தில்தான் கோலம் போடுவார்.