சாக்குத்துணியில் தைத்த சாட்சியம்

1973 செப்டம்பர் 11 அன்று தென் அமெரிக்கச் சிலி நாட்டில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. ஆயிரக்கணக்கானோர் கைதாயினர், பலர் வீடு திரும்பவேயில்லை. நீதிமன்றங்களும் முறையீடுகளைத் தள்ளிவிட்டன. காணாமற்போனவர்களின் தாய்மாரும் மனைவியரும் தலைநகர் சாந்தியாகோவில் ஒன்றுகூடி, சாக்குத்துணியின்மேல் கந்தல் துண்டுகளைத் தைத்துத் தம் துயரத்தைச் சித்திரமாக்கினர். பின்னணியில் ஆண்டிஸ் மலை, முன்னே, “அவர்கள் எங்கே?” என்ற கேள்வி. சிலர் காணாமற்போனவரின் உடையையே வெட்டிச் சேர்த்தனர்.

‘அர்பியேரா’ எனும் இச்சித்திரங்களை, கர்தினால் ராவுல் சில்வா என்ரீக்கெஸ் 1976-இல் நிறுவிய திருச்சபைப் பணியகம் வாங்கி, வெளிநாடுகளுக்கு அனுப்பி விற்றது. அப்பணத்தால் வீடுகளில் அடுப்பெரிந்தது. மறைக்கப்பட்ட உண்மையையும் உலகம் அறிந்தது. 1990-இல் இராணுவ ஆட்சி முடிவுற்றது.

அன்பார்ந்த பங்குமக்களே, நீதிமன்றம் கேளாத வழக்கை ஊசியும் நூலும் உலகின்முன் வாதாடின. ஏழைத் தாயின் கைவேலையை எளிதென்று எண்ணாதிருப்போமாக.