கொசுறு கிடைக்காதவர்கள்

வணிகவியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு 'நுகர்வோர் நடத்தை' என்றொரு பாடம் இருக்கிறது. யார் எதை வாங்குகிறார்கள், எவ்வளவு வாங்குகிறார்கள், ஏன் வாங்குகிறார்கள் என்று சொல்லித் தருகிறார்கள். வருமானம், வயசு, ஆண் பெண், படிப்பு என்று எல்லாவற்றுக்கும் அட்டவணை உண்டு. சாதி என்ற சொல்லை மட்டும், நான் புரட்டிப் பார்த்த புத்தகங்களில் விளக்கு வைத்துத்தான் தேட வேண்டியிருந்தது. திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கத்துக் கிராமம் எதிலாவது மளிகைக் கடை வாசலில் அரை மணி நேரம் நின்றால் தெரிந்துவிடும் விஷயம் அது.

எங்க ஆயா காலத்தில் சேரி சனத்துக்கும் கடைக்கும் பெரிய உறவே கிடையாது. காசு இருந்தால்தானே கடை? கூலி நெல்லாகத்தான் வரும். அதிலும் பழைய கடனுக்குப் பிடித்தது போக மிச்சம். 1891ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்கீர், பறையர் நிலைமை பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். பொன்னேரி, திருவள்ளூர் தாலுக்காக்கள் அப்போது அந்த ஜில்லாவில்தான் இருந்தன. குடிசை போட்ட மனைகூட மிராசுதாருக்குச் சொந்தம், கடன் தலைமுறை தலைமுறையாக ஆளைக் கட்டிப்போடுகிறது என்றெல்லாம் அதில் இருக்கிறது. பஞ்சமி நிலம் 1892ல் வந்ததற்கு அந்த அறிக்கை ஒரு காரணம். நிலத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். காசைப் பற்றிப் பேசினது குறைவு. நெல்லாகக் கூலி வாங்குகிறவனுக்கு எதை வாங்குவது என்று தீர்மானிக்கும் உரிமையும் கிடையாது. உப்பு, மிளகா, கருவாடு, மண்ணெண்ணெய், இந்த நாலுக்கு ஒரு படி நெல்லைக் கொண்டுபோய்க் கடைக்காரரிடம் கொட்டினால், அவர் அளந்ததுதான் அளவு.

அந்தக் கடையை நானும் பார்த்திருக்கிறேன். படிக்குக் கீழேதான் நிற்கணும். ஊர்க்காரங்க யார் வந்தாலும் அவங்களுக்குக் கொடுத்து முடிச்சப்புறம்தான் நம்ம முறை. அடுப்பில் உலை கொதிச்சிட்டிருந்தாலும் அதுதான் வழக்கம். காசைப் பலகை மேல் வைக்கணும். மீதிச் சில்லறையும் பலகை மேல்தான் விழும். பொட்டலத்தை மேலிருந்து போடுவார்கள், முந்தானையில் பிடிச்சுக்கணும். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு துண்டு வெல்லமோ ஒரு கை பொட்டுக்கடலையோ கொசுறு உண்டு. நமக்கு இல்லை. சின்ன விஷயம்தான். ஆனால் கொசுறு என்பது 'நாளைக்கும் வா' என்று கடை சொல்லும் வார்த்தை. எங்களிடம் அதைச் சொல்லத் தேவையில்லை. வேறு எங்கே போய்விடப் போகிறோம்?

கத்தரிக்காயைத் தொட்டுப் பொறுக்கி எடுப்பதும் கிடையாது. சொத்தையோ சூத்தையோ, அவர் போட்டதுதான் காய். நுகர்வோர் 'தேர்வு செய்கிறார்' என்று பாடம் சொல்கிறதே, அந்தத் தேர்வுக்கு விரல் வேண்டும். எங்கள் விரலைத்தான் கடைக்காரர் பயந்தார்.

சட்டம் இதையெல்லாம் பார்க்காமல் இல்லை. 1950ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடைகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 1955ஆம் ஆண்டு தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976 திருத்தத்தில் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. பொருளை விற்க மறுப்பது அதன் 6ஆம் பிரிவின்படி குற்றம். மறுப்பது மட்டுமல்ல, மற்றவர்களுக்கு விற்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில் விற்காததும் குற்றம். அதே நேரம், அதே இடம்! படிக்குக் கீழே காத்துக் கிடந்தவர்களைப் பார்த்துத்தான் எழுதினார்களோ என்று தோன்றும். ஆனால் நோட்டில் கடன் வைத்திருக்கிறவள் கடைக்காரர் மேல் எப்படிப் புகார் கொடுப்பாள்? கூலிப் பிரச்சினையோ கோயில் பிரச்சினையோ வந்தால் ஊர் முதலில் மூடுவது அந்த நோட்டைத்தான்.

இது பழைய ஆயுதம். 1930ல் வட்டமேசை மாநாட்டுக்குப் போன அம்பேத்கரும், நம் செங்கல்பட்டு ஜில்லா கோழியாளத்தில் பிறந்த ரெட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் கொடுத்தார்கள். சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்க வேண்டும் என்று அதில் தனியாகவே கேட்டார்கள். ஒருவனோடு கொடுக்கல் வாங்கல் செய்ய மறுப்பதும் அவர்கள் சொன்ன புறக்கணிப்பில் வரும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு என்று வெளிப்படையாக எழுதிச் சேர்த்தது 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில். இடையில் 85 வருஷம்.

எங்கள் பக்கம் கடையை மாற்றியது சட்டத்தைவிட சம்பளம்தான். சிப்காட் 1971ல் தொடங்கியது. கும்மிடிப்பூண்டியில் அதன் வளாகம் வந்து, இரும்பும் ரசாயனமும் உருக ஆரம்பித்த பிறகு, காலனியிலிருந்து சில பேர் உள்ளே போனார்கள். நிரந்தர வேலை கிடைத்தவர் கொஞ்சம். மீதி எல்லாம் காண்ட்ராக்ட், லோடுமேன், துப்புரவு. ஆனாலும் கையில் காசு. சனிக்கிழமை சாயந்திரம் பஜாரில் இறங்கினால் யார் எந்தத் தெரு என்று கடைக்காரருக்குத் தெரியாது. என் நைனா ஊரில் இருக்கிற கடையைத் தாண்டி, ரயிலேறிப் போய்ச் சாமான் வாங்கி வருவார். ரெண்டு ரூபாய் குறைச்சலுக்காக என்று மத்தவங்க நினைச்சாங்க. ரயில் செலவைக் கணக்கு பார்த்தால் குறைச்சல் எங்கே வருது? அங்கே காசைக் கையில் வாங்கினான், அதுதான் கணக்கு.

இன்னொரு மாற்றம் ரேஷன். அரிசி 2008ல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 ஜூன் முதல் விலையில்லாமலும் வந்த பிறகு, ஆண்டை வீட்டு நெல்லுக்காகக் கைகட்டி நின்ற நிலை தளர்ந்தது. அரிசி போக மிஞ்சின கூலி எண்ணெய்க்கும் சோப்புக்கும் ஷாம்புக்கும் போனது. 'இலவசம் கொடுத்துச் சோம்பேறி ஆக்கிட்டாங்க' என்று ஊரில் எரிச்சல்பட்டவர்கள் எல்லாம் கூலிக்கு ஆள் தேடினவர்கள்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஷாம்பு என்றதும் ஞாபகம் வருகிறது. ஷாம்பைச் சின்னப் பாக்கெட்டில் விற்றது பெரிய வியாபாரக் கண்டுபிடிப்பாக எழுதுகிறார்கள். கடலூர் சின்னிகிருஷ்ணனின் வெல்வெட், 1983ல் அவர் மகன் தொடங்கின சிக் ஷாம்பு, எல்லாம் சரி, கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ஐந்து பைசா டீத்தூள், பத்துப் பைசா எண்ணெய் என்று சேரி வாங்கினது அதற்கு எத்தனையோ காலம் முன்னால். தினக்கூலி வாங்குகிறவள் தினம்தான் சாமான் வாங்குவாள். ஊர் வீட்டில் மாச லிஸ்ட் எழுதுவார்கள், மூட்டையாய் வாங்குவதால் விலையும் குறையும். ஒரே பருப்புக்கு ஏழை அதிக விலை கொடுக்கிறாள். இதை 'சிக்கனம் தெரியாத பழக்கம்' என்று எழுதுகிறவர்களை என்ன செய்ய?

எங்களுக்கும் கீழே இருட்டு இருக்கிறது. செங்குன்றம் பக்கத்து அரிசி ஆலைகளிலும், இந்த மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலும் முன்பணம் வாங்கிச் சிக்கின இருளர் குடும்பங்களுக்குச் சந்தைக்குப் போய்வருவதே ஆபத்தான காரியம். வாரச் செலவுக்குக் கொஞ்சம் காசு. குடும்பத்தில் ஒருத்தர் கடைக்குப் போனால் மத்தவங்க உள்ளே இருக்கணும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. 2000க்குப் பிறகும் இந்தப் பக்கத்து ஆலைகளிலிருந்து அவர்களை மீட்டு வந்தார்கள்.

கும்மிடிப்பூண்டியில் 1990 முதல் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமுக்கு வேறு கணக்கு. பணக்கொடை வருகிற நாளில் கடை நிறையும், மாசக் கடைசியில் நோட்டு நிறையும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் உருளைக்கிழங்கும் கடுகெண்ணெயும் கேட்டுக் கேட்டு, இப்போது கடைக்காரரே இந்தியில் விலை சொல்கிறார். நமக்கு நாற்பது வருஷம் வளையாத நாக்கு!

வாங்குவதைப் பற்றியே பேசிவிட்டேன். நம்மிடம் யார் வாங்குகிறார்கள் என்பது பாதிக் கேள்வி. காலனியில் ஒருத்தி கடை வைத்தால் காலனிதான் வாங்கும். டீக்கடை, இட்லிக் கடை என்றால் சொல்லவே வேண்டாம். கம்பெனி கேட் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா தள்ளுவண்டியில் இட்லி போடுகிறது. வடநாட்டுப் பையன்கள் சட்னி கேட்டுக் கேட்டுச் சாப்பிடுவார்கள். முகாம் ஆட்களும் வருவார்கள். அக்கா ஊர்க்காரர் ஒருத்தர் அதே கம்பெனியில் வேலை. தினம் வண்டியை நிறுத்துவார், நல்லா சிரித்துப் பேசுவார். சிகரெட் வாங்குவார், மூடி போட்ட தண்ணீர் பாட்டில் வாங்குவார். இட்லி மட்டும் வாங்கினதில்லை.