விளையாட்டுப் பொறியும் மேடை இசையும்

1951ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திற் பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தார் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, அங்கிருந்த கணிப்பொறியொன்று எழுப்பிய இசையை ஒலிப்பதிவு செய்தனர். பெருங் கணக்குகளைச் செய்வதற்காக ஆக்கப்பட்ட அப்பொறியில், இயக்குவோரை எச்சரிப்பதற்கென ஓர் ஒலிபெருக்கி பொருத்தப்பட்டிருந்தது. அதற்கு மின்துடிப்புக்களை மிக விரைவாக அடுத்தடுத்து அனுப்பினால், வெறுந் தட்டொலி சுரமாகக் கேட்கும். கிறிஸ்தோபர் ஸ்ட்ரேச்சி என்னும் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் இவ்வுண்மையைப் பயன்படுத்தி நிரலொன்றை எழுதினார். அதன்படி அப்பொறி பாடியது மன்னனை வாழ்த்தும் ஆங்கிலேயரின் தேசிய கீதமாகும். சுதந்திரம் பெற்று மூன்றாண்டுகள் கழிந்திருந்த இலங்கைக்கும் அன்று அவரே மன்னர் என்பதை நினைக்கும்போது நகைப்பே உண்டாகின்றது.

கணிப்பொறி முதன்முதலாகப் பாடிய பாட்டு யாருடைய பாட்டு என்பது ஒருபுறமிருக்க, அதனைப் பாடவைக்கும் வாய்ப்பு யாருக்கு இருந்தது என்பதே நாம் நோக்கவேண்டிய வினாவாகும். அரசும் பல்கலைக்கழகமும் பெருங் கம்பனியும் சேர்ந்தே அத்தகைய பொறியை உடைமையாகக் கொள்ள முடிந்தது. மின்னணு இசை அடுத்த பல ஆண்டுகளில் வானொலி நிலையங்களின் ஆய்வுக்கூடங்களுக்குள்ளேயே பெரும்பாலும் வளர்ந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின்னரோ, சட்டைப்பையில் அடங்கும் விளையாட்டுப் பொறிகளைக் கையிலேந்திய இளைஞர்கள் சிறு மண்டபங்களின் மேடைகளில் நின்று தம் ஊரவருக்கு அவற்றால் இசை வழங்கினர். ‘சிப்ரியூன்’ எனப்படும் இந்தச் சில்லு இசையின் வரலாறு, உற்பத்திச் சாதனம் கைமாறிய வரலாறுமாகும்.

1982இல் அமெரிக்காவிற் கொமடோர் 64 என்னும் வீட்டுக் கணிப்பொறி விற்பனைக்கு வந்தது. அதற்கென றொபேட் யானிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த ஒலிச் சில்லு மூன்று குரல்களை உடையது. மூன்றே குரல்கள் என்பதனாற் பிறந்த நுட்பமொன்றைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். ச, க, ப என்னும் மூன்று சுரங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்ய மூன்று குரல்கள் வேண்டும். அவற்றை இதற்கே செலவிட்டுவிட்டால் மெட்டுக்கும் தாளத்துக்கும் எதுவும் எஞ்சாது. ஆகவே இசையமைப்போர் ஒரே குரலில் அம்மூன்று சுரங்களையும் மாறி மாறி, ஐரோப்பியப் பொறிகளிற் பொதுவாக வினாடிக்கு 50 தடவை என்னும் விரைவில், ஓடவிட்டனர். செவி அவற்றைப் பிரித்தறிய மாட்டாமல், நடுங்கும் ஒரே சேர்க்கையாகக் கொள்கின்றது. பொருளின் வறுமையைக் கைத்திறன் வென்ற இம்முறையே பின்னர் அவ்விசையின் தனி அடையாளமாயிற்று. றொப் ஹபேட், மார்ட்டின் கால்வே முதலியோர் இதில் வல்லவராய் விளங்கினர். ஆயினும் அவர்கள் விளையாட்டு நிரல்களை விற்கும் கம்பனிகளுக்காக எழுதியவர்களே. அவர்தம் இசை விற்பனைப் பண்டமொன்றின் பின்னணியாகவே வீடுகளை அடைந்தது.

இந்நிலையை மாற்றியவை இசையமைக்கும் நிரல்கள். 1986இல் ஜேர்மனியைச் சேர்ந்த கிறிஸ் ஹுல்ஸ்பெக் தாம் ஆக்கிய நிரலை ஒரு சஞ்சிகையில் அச்சு வடிவில் வெளியிட்டார். வாசகர் அதனைப் பார்த்து வரிவரியாகத் தம் பொறியிற் பதித்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டில் அமிகா கணிப்பொறிக்கெனக் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி ‘சவுண்ட்ரக்கர்’ என்னும் நிரலை உருவாக்கினார். அது விலைக்கு விற்கப்பட்டது, விற்பனையிற் சிறக்கவில்லை. ஆனால் ஐரோப்பிய இளைஞர் சிலர் அதனைப் பிரித்துப் பார்த்து, குறைகளைத் திருத்தி, வேறு பெயர்களில் இலவசமாகப் பரப்பத் தொடங்கினர். சட்டத்தின் கண்ணில் இது களவு. ஒபார்ஸ்கியின் உழைப்புக்கு உரிய கூலி கிடைக்கவில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும் அந்நிரலின் வழிவந்தவை இல்லாவிடின், பணமும் பயிற்சியும் அற்ற ஒரு தலைமுறை இசையமைக்கக் கற்றிருக்குமா என்பது ஐயமே.

இங்கு இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. கிராமபோன் இசைத்தட்டை வாங்குபவன் கேட்பவனாக மட்டுமே இருக்கமுடியும். அப்பாட்டு எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை இசைத்தட்டு அவனுக்குக் காட்டுவதில்லை. மேற்கூறிய நிரல்களால் அமைக்கப்பட்ட இசையோ தன் கட்டுமானத்தையும் உடன் கொண்டே செல்லும். அதனைத் திறப்பவர் ஒவ்வொரு சுரத்தையும், ஒவ்வோர் ஒலித்துண்டையும், ஒவ்வொரு தந்திரத்தையும் நிரையாகக் காணலாம், மாற்றிப் பார்க்கலாம், அதிலிருந்து தன் பாட்டைத் தொடங்கலாம். நெசவாளி தறியோடு துணியைக் கொடுத்தாற் போன்றது இது. இவ்விளைஞர்கள் மண்டபங்களிற் கூடி, தம் ஆக்கங்களை ஒருவர்க்கொருவர் காட்டிப் போட்டியிட்டனர். பின்லாந்தில் 1992இல் தொடங்கிய ‘அசெம்பிளி’ அத்தகைய கூட்டங்களுட் புகழ்பெற்றது. களவாளிகளின் கூட்டமென ஒருகாற் பழிக்கப்பட்ட இப்பண்பாட்டைப் பின்லாந்து 2020இலும் ஜேர்மனி 2021இலும் தத்தம் தேசிய மரபுரிமைப் பட்டியல்களிற் சேர்த்துக்கொண்டன.

மேடைக்கு வழி திறந்தது வேறொரு பொறி. யப்பானிய நின்ரென்டோ கம்பனி 1989இல் ‘கேம் போய்’ என்னும் கையடக்க விளையாட்டுப் பொறியை வெளியிட்டது. புதுமை தேய்ந்து மலிந்துபோன உறுப்புக்களைப் புதிய நோக்கத்துக்குப் பயன்படுத்த வேண்டும் என்பது அதனை ஆக்கியோருள் முதல்வரான குன்பெய் யொகோயின் கொள்கை. நான்கு சிறு மின்கலங்களில் இயங்கிய அப்பொறி, நிறத்திரையுடைய பின்வந்த வடிவத்தோடு சேர்த்து, ஏறத்தாழ 11 கோடியே 80 இலட்சம் விற்பனையாயிற்று. அதன் ஒலிப்பகுதியில் நான்கு குரல்கள் உண்டு. இரண்டு சதுர அலைகளை எழுப்பும். மூன்றாவதன் அலைவடிவை நாமே 32 படிகளில் வரைந்துகொள்ளலாம். நான்காவது இரைச்சல், அதுவே தாளத்துக்கு உதவுவது. ஹம்பேர்க் கலைக் கல்லூரி மாணவராயிருந்த ஒலிவர் விட்சோவ் 1998இல் ‘நனோலூப்’ என்னும் இசை நிரலையும், சுவீடனைச் சேர்ந்த ஜோஹான் கொட்லின்ஸ்கி 2000இல் ‘லிற்றில் சவுண்ட் டிஜே’ என்பதையும் இப்பொறிக்கென ஆக்கினர். ஆக்கிய கம்பனி எண்ணியிராத கருவி ஒன்று இவ்வாறு பிறந்தது.

கணிப்பொறியையும் அதன் திரையையும் தூக்கிச் சென்று மேடையேறுவது எளிதன்று. கேம் போயோ பழைய பொருட் கடைகளிற் குறைந்த விலைக்குக் கிடைத்தது. இரண்டு பொறிகளைக் கம்பியால் இணைத்தால் அவை ஒரே தாளத்தில் ஓடும். எட்டுக் குரல்களும் கிடைக்கும். உள்ளேயிருக்கும் ஒலிபெருக்கிச் சுற்று இரைச்சலைச் சேர்ப்பதனால், அதற்கு முன்னரே கம்பியைப் பற்றவைத்து ஒலியை வெளியே எடுக்கும் வழக்கமும் பரவிற்று. இசைக் கலைஞர் தம் கருவியைத் தாமே திறந்து பற்றாசு வைப்பவராகவும் இருந்தார். நியூயோர்க்கில் ‘த ராங்க்’ என்னும் இலாப நோக்கற்ற கலைக்கூடம் இவ்விசைக்கு இடமளித்தது. ‘பல்ஸ்வேவ்’ என்ற பெயரில் மாதாந்த நிகழ்ச்சிகள் நடைபெற்றன. அக்கலைக்கூடமும், தன் வெளியீடுகள் பலவற்றை 1999 முதல் இலவசமாக வழங்கிவந்த ‘எய்ட்பிற்பீப்பிள்ஸ்’ குழுவும் சேர்ந்து 2006இல் ‘பிளிப்’ விழாவைத் தொடங்கின. 2012 வரை நியூயோர்க்கில் நிகழ்ந்த இவ்விழா தோக்கியோவிலும் டென்மார்க்கிலும் அவுஸ்திரேலியாவிலும்கூட நடத்தப்பட்டது.

முன்பே அமைத்து வைத்த இசையைப் பொத்தானை அழுத்தி ஓடவிடுவது கச்சேரியாகுமா என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. மேடையிற் குரல்களை நிறுத்தியும் எழுப்பியும், பகுதிகளை முன்பின்னாக மாற்றியும், வேகத்தை ஏற்றியும் இறக்கியும் வாசிப்போர் உண்டு. ஓடவிட்டுவிட்டு ஆடிக்கொண்டிருப்போரும் உண்டு. ஆனால் ‘இது கருவியே அன்று’ என்னும் தீர்ப்பை நாம் எச்சரிக்கையுடன் கேட்கவேண்டும். நமது நாடக மேடையில் மக்கள் மனதாரக் கேட்டு மகிழ்ந்த ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இல் விலக்கி வைத்தது. 1971 வரை அவ்விலக்கு நீடித்தது. தீர்ப்பளித்தோர் கல்வியிற் குறைந்தவரல்லர்.

இவ்விசை யாருக்குரியது என்னும் வினா 2003இல் வெளிப்படையாகவே எழுந்தது. லண்டனில் ‘பங்க்’ இசையின் எழுச்சியைத் தன் வணிகத் திறமையாற் சந்தைக்குக் கொண்டுசென்ற மல்கம் மக்லாரன், அவ்வாண்டில் ‘வயர்ட்’ சஞ்சிகையில் எழுதிய கட்டுரையிற் சில்லு இசையையே அடுத்த ‘பங்க்’ எனப் பறைசாற்றினார். ஒரு முதலாளி தங்களைப் புகழ்ந்தால் நன்றி கூறுவதே உலக வழக்கு. இவர்களோ 2004இல் அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி மறுத்தனர். தமது இசைக்கு நெடிய வரலாறு உண்டென்பதையும், அதனை அறியாது அவர் திரித்துக் காட்டினார் என்பதையும் அக்கடிதம் சுட்டியது. கண்டுபிடித்தேன் என்று கூறுபவன் நாளை உரிமை கோருவான் என்பது அவர்களுக்கு விளங்கியிருந்தது போலும். மக்லாரன் எதிர்பார்த்த பேரலை எழவில்லை. சிறு மண்டபங்களின் நிகழ்ச்சிகள் தொடர்ந்தன.

ஆயினும் இதனை உழைக்கும் வர்க்கத்தின் இசையெனப் புகழ்வது மிகைப்படுத்தலாகும். வீட்டிற் கணிப்பொறி இருந்த செல்வ நாடுகளின் இளைஞரே பெரும்பாலும் இதனை வளர்த்தனர். மகளிர் மிகச் சிலராகவே இருந்தனர். தொழிற்சாலைகளில் அப்பொறிகளைப் பூட்டிய கைகளைப் பற்றி இவ்விசை ஏதும் பாடியதாகத் தெரியவில்லை. கருவியும் அவர்களது அன்று. கேம் போயின் உற்பத்தி 2003இல் நின்றுவிட்டது. எஞ்சியவை பழுதடைகின்றன, பழம்பொருள் சேர்ப்போரின் போட்டியும் அவற்றை நாடி வந்துள்ளது. சந்தை கழித்த பொருளை எடுத்தவர்கள், சந்தை அதனை மீண்டும் விலைமதித்தபோது அதே சந்தையின் முன் வாங்குவோராய் நிற்க நேர்ந்தது.

இதனிலும் கூரிய இடர் ஒன்று உண்டு. கலைஞர் அமைத்த பாட்டுக்கள் யாவும் பொறியின் முதுகிற் செருகும் சிறு பேழையில் இருக்கின்றன. பழைய பேழைகளில் அந்நினைவைக் காப்பது நாணயமளவான மின்கலம். அது தீர்ந்தால், ஆண்டுக்கணக்கான உழைப்பு ஓசையின்றி அழிந்துவிடும். ஆதலால் அனுபவமுள்ளோர் நிகழ்ச்சிக்குப் புறப்படுமுன் தம் பாட்டுக்களைப் படியெடுத்து வைத்துக்கொள்கின்றனர். மேடைக்கு வரும் புதியவரிடம் முதலில் விசாரிப்பதும் பேழையின் மின்கலத்தை எப்போது மாற்றினீர் என்பதையே.