யுத்தத்தில் தப்பிய புத்தகசாலை

சாங்கிச் சிறை என்றவுடன் பசியும் பிணியுமே எவர் நினைவுக்கும் வரும். 1936-ல் சுமார் 600 கைதிகளுக்கெனக் கட்டப்பட்ட அச்சிறையில், 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தபின், ஆயிரக்கணக்கான ஐரோப்பியர் அடைக்கப்பட்டனர். அவர்கள் விட்டுச் சென்ற வீடுகளும் காரியாலயங்களும் கொள்ளைக்காடாயின. அங்கிருந்த புத்தகங்கள் என்னவாயின என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த விஷயம்.

தாவரத் தோட்டத்து உதவி டைரக்டராயிருந்த கோர்னர் என்பார், ராபிள்ஸ் புத்தகசாலையையும் மியூசியத்தையும் காக்குமாறு கவர்னரிடம் ஒரு குறிப்பெழுதி வாங்கிக்கொண்டு ஜப்பானியரிடம் சென்றார். சில நாட்களில் தனகதாதே என்னும் ஜப்பானியப் பேராசிரியர் வந்து பொறுப்பேற்றார். எரிமலை ஆராய்ந்தவருக்குப் புத்தகசாலையில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். ஆயினும் வேலை நடந்தது. கைவிடப்பட்ட இடங்களிலிருந்து நூல்கள் லாரி லாரியாக வந்து குவிந்தன. வகை பிரிப்பது பிறகுதான். முதலில் பட்டியல் தயாரிப்போம் என்று அமர்ந்திருந்தால் பட்டியல் மட்டுமே மிஞ்சியிருக்கும்! கமிட்டியும் உபகமிட்டியும் கூட்டியே காலங்கழிக்கும் நம் வாசகசாலைக் காரியதரிசிகள் இதனைக் கவனிப்பார்களாக.

அவ்வாண்டிலேயே மார்க்கிஸ் தோக்குகாவா தலைமை ஏற்றார். பிரபு வமிசத்தவர் ஒருவர் மேலே இருந்ததால் சிப்பாய்களின் கை நீளவில்லை.

சாங்கியில் வாடியவர்களோ கோர்னரைத் துரோகி என்றனர். அச்சினம் இயற்கையே. சீனரை ஆயிரக்கணக்கில் கொன்று, நம் தமிழரைச் சயாம் ரயில் பாதைக்கு ஓட்டிச்சென்ற ராணுவத்தோடு கூடி ஒருவர் புத்தகம் அடுக்குவதா? அவர் தம் பக்கத்து நியாயத்தை 1981-ல் நூலாக எழுதினார். எதிரியிடம் கைகட்டி நின்றேனும் ஏட்டைக் காத்தது சரியே என்பது நம் அபிப்பிராயம். எரிந்த ஏட்டை எந்த வெற்றியும் மீட்டுத் தராது.

ஆனால் யாருடைய ஏடு? ராபிள்ஸ் புத்தகசாலை சந்தா கட்டுவோர்க்கான ஆங்கிலப் புத்தகசாலையாகவே பெரிதும் விளங்கியது. சிராங்கூன் சாலைத் தொழிலாளிக்கு அதில் என்ன பங்கிருந்தது? யுத்தம் முடிந்தும் அந்நிலை உடனே மாறவில்லை. 1953-ல் லீ கொங் சியான் 375,000 வெள்ளி தர முன்வந்தபோது, புத்தகசாலை யாவர்க்கும் இலவசமாகத் திறந்திருக்கவேண்டும், உள்நாட்டு மொழிகளின் நூல்களும் வைக்கவேண்டும் என்று நிபந்தனையிட்டார். 1960 நவம்பர் 12-ல் ஸ்டாம்போர்டு சாலையில் புதிய தேசிய நூலகம் திறக்கப்பட்டபோது மலாய், சீன நூல்களுடன் தமிழ் நூலுக்கும் இடம் கிடைத்தது.