டோபரான் மடாலயக் கோயில்

வடகிழக்கு ஜெர்மனியின் மெக்லென்பர்க் பகுதியில், பால்டிக் கடற்கரையை ஒட்டி ரோஸ்டாக் நகருக்கு மேற்கே இருக்கும் சிற்றூர் பாட் டோபரான். அங்குள்ள கோதிக் பாணிச் செங்கல் கோயில், 1552 வரை சிஸ்டெர்சியன் சபைத் துறவிகளின் மடாலயக் கோயிலாக இருந்தது. இன்று லூத்தரன் பங்குக் கோயில். இடைக்காலச் சிஸ்டெர்சியன் கோயில்களில் இதைப்போல மரவேலைப்பாடுகள் பெருமளவில் தப்பிப் பிழைத்த வேறொன்றைச் சொல்வது கடினம். பகட்டு கூடாது, கோபுரம் கூடாது, சிற்பம் மனத்தைச் சிதறடிக்கும் என்று கட்டுப்பாடு விதித்துக்கொண்ட சபை அது. அதன் கோயிலுக்கே மரச் சிற்பங்களால் பெயர் கிடைத்திருக்கிறது.

கதை ரத்தத்தில் தொடங்குகிறது. இந்தக் கரையில் அப்போது வாழ்ந்தவர்கள் ஓபோத்ரைட் என்னும் ஸ்லாவிய இனத்தார். அவர்களுடைய தலைவன் நிக்லோட், சாக்ஸனியின் சிற்றரசன் ஹென்றியோடு நடந்த போரில் 1160இல் கொல்லப்பட்டான். மகன் பிரிபிஸ்லாவ் சில ஆண்டுகள் எதிர்த்துப் பார்த்துவிட்டுக் கிறிஸ்தவத்தை ஏற்றான். 1167இல் பெரும்பாலான நிலம் அவனுக்குத் திரும்பக் கிடைத்தது. ஷ்வெரின் ஆயர் பெர்னோவே ஒரு சிஸ்டெர்சியன் துறவி. அவருடைய தூண்டுதலில் ஆமெலுங்ஸ்போர்ன் மடத்திலிருந்து துறவிகள் வந்து, 1171இல் டோபரானுக்குப் பக்கத்து ஆல்ட்ஹோஃபில் குடியேறினார்கள். மெக்லென்பர்க்கின் முதல் மடம் அதுதான். பிரிபிஸ்லாவ் 1178இல் இறந்தான். அடுத்த ஆண்டே கிளர்ச்சி மூண்டு மடம் அழிக்கப்பட்டது; 78 பேர் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. பிரிபிஸ்லாவின் மகன் ஹைன்ரிஷ் போர்வின் ஆதரவில் 1186இல் டோபரானில் மடம் மறுபடி தொடங்கியது.

இங்கே கட்டிய முதல் கோயில் 1232இல் அர்ச்சிக்கப்பட்டது. இப்போது நிற்பது அதற்குப் பின் வந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேலை தொடங்கி, 1368இல் ஷ்வெரின் ஆயர் அர்ச்சித்து முடித்தார். லூபெக் நகரின் புனித மரியா கோயிலை ஒட்டிய அமைப்பு: உயர்ந்த நடுக்கூடம், தாழ்ந்த பக்கக்கூடங்கள், பீடத்தைச் சுற்றிவர நடைபாதை, அதிலிருந்து பிரியும் சிற்றாலயங்கள். மணிக்கூண்டுக் கோபுரம் கிடையாது. கூரை முகட்டில் ஒரு சிறு கூம்பு மட்டும்.

பால்டிக் கரையில் கட்டடக் கல் அரிது. பிரெஞ்சுக் கோயில்களில் வாசலெங்கும் கல்லில் செதுக்கிய உருவங்களைச் செங்கல்லில் செதுக்க முடியாது. ஆகவே இந்த நாட்டுச் சிற்பியின் கை ஓக் மரத்துக்குப் போயிற்று. செதுக்கி, வெள்ளைச் சுதை பூசி, அதன்மேல் வண்ணமும் தங்க ரேக்கும் ஏற்றும் வேலை அது. பணத்துக்கும் குறைவில்லை. மடத்துக்கு நிலமும் ஊர்களும் இருந்தன, இளவரசர் குடும்பம் தன் இறந்தோரை அடக்கம் செய்ய இந்தக் கோயிலையே தேர்ந்திருந்தது, யாத்திரிகர்களும் வந்தார்கள். ஆடு மேய்ப்பவன் ஒருவன் நற்கருணை அப்பத்தைத் தன் கோலுக்குள் ஒளித்துவைத்து மந்தையைக் காத்தான், பின்பு அந்த அப்பத்தில் ரத்தம் கசியக் கண்டார்கள் என்பது இவ்வூர் ஐதிகம். அந்தத் 'திருரத்தத்தை' வணங்கத்தான் கூட்டம்.

முதன்மைப் பீடம் சுமார் 1300ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கதவுபோல் திறந்து மூடும் சிறகுகள் கொண்ட பீடங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. இந்த வகை எப்படிப் பிறந்தது என்பதை இதைப் பார்த்தாலே ஊகிக்கலாம்: அடிப்படையில் இது புனிதர்களின் திருப்பண்டங்களைப் பூட்டிவைக்கும் அலமாரி. விழா நாளில் கதவைத் திறந்தால் தங்க மாடங்களும் உருவங்களும் மின்னும். மற்ற நாளில் மூடிக் கிடக்கும். சிறகுகளில் மேல் வரிசையில் புதிய ஏற்பாட்டுக் காட்சி, அதற்கு நேர் கீழே அதை முன்னறிவித்ததாகக் கருதப்பட்ட பழைய ஏற்பாட்டுக் காட்சி. கீழுள்ள புனிதர் வரிசை பிற்சேர்க்கை. கோயில் அர்ச்சிப்பை ஒட்டிச் சேர்த்திருக்க வேண்டும்.

பீடத்தின் அருகே நிற்கிறது நற்கருணைக் கோபுரம். ஓக் மரத்தாலான இதன் உயரம் 11.60 மீட்டர். வெளியே கோபுரம் எழுப்பக் கூடாதென்ற துறவிகள், உள்ளே மரத்தில் ஒன்றை எழுப்பிக்கொண்டார்கள் என்று குறும்பாகச் சொல்லத் தோன்றும். அப்பத்தை வைக்கும் பேழைதான் அதன் பயன். அதன்மேல் தட்டுத்தட்டாக உருவங்களும் ஊசிமுனைக் கூம்புகளும் ஏறிப்போகின்றன. 14ஆம் நூற்றாண்டு நடுவைச் சேர்ந்த இதை, ஜெர்மனியின் மிகப் பழைய நற்கருணைக் கோபுரமாகக் கொள்கிறார்கள்.

ஆனால் இந்தக் கோயிலைப் புரிந்துகொள்ள நிற்க வேண்டிய இடம் நடுக்கூடத்தின் மையம். சிஸ்டெர்சியன் மடத்தில் இரு வகுப்பினர். குருத்துவம் பெற்று லத்தீனில் ஜெபம் பாடிய துறவிகள் ஒரு பக்கம். வயலிலும் பட்டறையிலும் உழைத்த சகோதரர்கள் மறுபக்கம். இவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்தறிவு கிடையாது. கோயிலுக்குள்ளும் இவர்கள் கலக்கவில்லை: கிழக்குப் பாதி துறவிகளுக்கு, மேற்குப் பாதி சகோதரர்களுக்கு. இரண்டுக்கும் நடுவே, சுமார் 15 மீட்டர் உயரமுள்ள, 1360களில் செய்த சிலுவைப் பீடம். அதற்கு முதுகு கிடையாது. இரு புறமும் முகம். சகோதரர்களை நோக்கிய மேற்கு முகத்தில் சிலுவையில் தொங்கும் கிறிஸ்து, துறவிகளை நோக்கிய கிழக்கு முகத்தில் குழந்தையோடு மரியா. சிலுவை மரமோ திராட்சை இலை துளிர்த்த உயிர்மரமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. கொலைக்கருவி காய்த்துப் பழுப்பதாகக் காட்டும் இந்த எண்ணத்தை விளக்கப் பாடம் எதுவும் தேவைப்பட்டிருக்காது, வாசிக்கத் தெரியாதவர்களுக்கும்.

சகோதரர்களின் இருக்கை வரிசை சுமார் 1280ஆம் ஆண்டினது, துறவிகளுடையது அதற்குச் சற்றுப் பிந்தியது. இருக்கை வரிசை முடியும் இடத்துப் பக்கப்பலகைகளில்தான் தச்சர்கள் கைவரிசையைக் காட்டினார்கள். ஒரு பலகையில் பிசாசும் ஒரு சகோதரரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். இருவர் பேச்சும் சுருள் நாடாவில் லத்தீனில். இங்கே உனக்கென்ன வேலை, என்னோடு வா என்கிறது பிசாசு. என்னிடம் உனக்கு ஒரு தீமையும் அகப்படாது என்கிறார் அவர். பகலெல்லாம் ஏர் பிடித்துவிட்டு வந்து, பாட்டும் புரியாமல் உட்கார்ந்திருந்தவர்களின் ஆசனத்தில் இந்தக் காட்சியை வைத்தது தற்செயலாக இருக்காது. கண்டிப்பா ஆறுதலா என்று கேட்டால் இரண்டும்தான்.

துறவிகள் பக்கம் கவனிக்க வேண்டிய ஓவியம் ஒன்றும் உண்டு. 15ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தைச் சேர்ந்த 'ஆலைப் பீடத்தில்', நற்செய்தியாளர்கள் இறைவார்த்தையைத் தானியம்போல் ஆலையில் கொட்டுகிறார்கள், திருத்தூதர்கள் சுழற்றுகிறார்கள். கல்லறைகளில் டென்மார்க் அரசி மார்கரெத்தாவின் ஓக் மர உருவமும், ஸ்வீடன் அரியணையை இழந்து ஊர் திரும்பிய மெக்லென்பர்க் இளவரசர் ஆல்ப்ரெஷ்ட்டின் கல்லறையும் முக்கியமானவை.

மதச் சீர்திருத்தத்தில் மடம் மூடப்பட்டது 1552இல். கடைசித் துறவிகள், இம்மடத்தின் கிளையாகப் பிறந்த போலந்தின் பெல்ப்ளின் மடத்துக்குப் போனார்கள். மடத்துக் கட்டடங்கள் பலவும் செங்கல்லுக்காக இடிக்கப்பட்டன. கோயிலுக்கு மட்டும் ஏன் அந்தக் கதி நேரவில்லை? இரண்டு காரணங்கள். சுவிட்சர்லாந்திலும் நெதர்லாந்திலும் உருவங்களை உடைத்தெறிந்த சீர்திருத்தம் இங்கு வரவில்லை. வந்தது லூத்தரின் வழி. வணங்காதவரை உருவம் இருந்துவிட்டுப் போகட்டும் என்பது அவர் நிலை. அடுத்தது, தரைக்கடியில் கிடந்தவர்கள் ஆளும் குடும்பத்தின் முன்னோர். முன்னோர் கல்லறை மீதிருக்கும் கூரையைப் பிரிக்க எந்தப் பிரபு துணிவார்? கத்தோலிக்க நாடுகளில் எத்தனையோ மடாலயக் கோயில்கள் பழைய பீடங்களைப் பிடுங்கிவிட்டுப் பரோக் பாணிக்கு மாறியபோது, டோபரானில் மாற்றுவதற்கு ஆளும் இல்லை, ஆசையும் இல்லை. நம்பிக்கை மாறிய கோயிலில்தான் பழைய நம்பிக்கையின் தட்டுமுட்டுகள் அப்படியே தங்கின.

முப்பதாண்டுப் போரிலும் நெப்போலியன் காலத்திலும் கோயில் அடிபட்டது. பக்கத்து ஹைலிகென்டாமில் ஜெர்மனியின் முதல் கடல்குளியல் விடுதி 1793இல் தொடங்கியதும் டோபரான் பிரபுக்களின் கோடைவாசமாயிற்று. கோயிலைச் செப்பனிடவும் ஆள் கிடைத்தது. 1883 முதல் 1896 வரை நடந்த பெரும் திருப்பணி, கட்டடக்கலைஞர் கோட்ஹில்ஃப் லூட்விக் மேக்கெலுடையது. அவர் காப்பாற்றியதோடு நிற்கவில்லை; இடைக்காலம் எப்படி இருந்திருக்க வேண்டுமென்று தான் நினைத்தாரோ அப்படித் தீட்டவும் கூட்டவும் செய்தார். கூரைக் கூம்பும் அவர் வடிவமைத்ததே. ஆகவே செங்கல்லின் பளிச்சென்ற சிவப்பையும் தங்கத்தின் மினுமினுப்பையும் பார்ப்பவர், எவ்வளவு 14ஆம் நூற்றாண்டு, எவ்வளவு 19ஆம் நூற்றாண்டு என்று கேட்டுக்கொள்வது நல்லது. மேக்கெல் டோபரானிலேயே வீடு கட்டிக் குடியேறி 1915இல் அங்கே இறந்தார். அந்த வீடு இப்போது ஊர் அருங்காட்சியகம்.