தோற்ற ராஜாவும் திரும்பி வரலாம்: நால்வர் சதுரங்கத்தின் கதை



விடுமுறை நாட்களில் நம் பிள்ளைகள் கைபேசியில் நால்வர் செஸ் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். 160 கட்டங்கள், நான்கு நிறப் படைகள். தனித்தனியாக ஆடும்போது ராஜாவை இழந்தவரின் காய்கள் சாம்பல் நிறமாகி அப்படியே நின்றுவிடும். அந்தப் பிள்ளையும் முகம் வாடி எழுந்து போய்விடும். தோற்றவரை மறுபடி ஆட்டத்துக்குள் கொண்டுவர நம் நாட்டில் பழைய விதி ஒன்று இருந்தது தெரியுமா?

1030ஆம் ஆண்டையொட்டி அறிஞர் அல்பிரூனி இந்தியாவைப் பற்றி எழுதிய நூலிலேயே நால்வர் சதுரங்கம் வருகிறது. பலகை நமக்குப் பழக்கமான 64 கட்டம்தான். ஆளுக்கு ஒரு ராஜா, யானை, குதிரை, படகு, நான்கு சிப்பாய். ராணி கிடையாது. தாயம் போலப் பகடை உருட்டி, விழுந்த எண்ணுக்குரிய காயை நகர்த்த வேண்டும். வெட்டிய ராஜாவுக்கு 5 புள்ளி, யானைக்கு 4, குதிரைக்கு 3, படகுக்கு 2, சிப்பாய்க்கு 1. தன் ராஜாவைக் காத்துக்கொண்டு மற்ற மூன்று ராஜாக்களையும் பிடித்தால் 54. ஒரு படையின் மொத்த மதிப்பு 18. மூன்று படைக்கு 54. கணக்குப் போட்டுப் பாருங்கள்!

பிற்காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் வங்காளத்து ரகுநந்தனர் தொகுத்த 'திதிதத்துவம்' இதே ஆட்டத்தை யுதிஷ்டிரருக்கு வியாசர் சொல்வதாகத் தருகிறது. இதில் இருவர் இருவராகக் கூட்டு. நம் பழைய விதி இங்கேதான் இருக்கிறது. உங்கள் ராஜா பிடிபட்டால் ஆட்டம் முடியவில்லை. உங்கள் கூட்டாளி எதிரணி ராஜா ஒருவரைப் பிடித்தால், இரு பக்கமும் சம்மதித்து ராஜாக்களை மாற்றிக்கொள்ளலாம். போர்க்கைதிகளைப் பரிமாறிக்கொள்வது போல. மீண்ட ராஜா பலகைக்குத் திரும்புவார்.

ஆனால் ஒரு சோதனையும் உண்டு. கூட்டாளியின் அரியணைக் கட்டத்தில் உங்கள் ராஜாவை ஏற்றினால், அவர் படையும் உங்கள் கைக்கு வந்துவிடும்! ஆக, பக்கத்தில் இருப்பவர் உங்களை மீட்கவும் செய்யலாம், உங்கள் இடத்தைப் பிடிக்கவும் செய்யலாம். விழுந்தவர் எழுவது பகடையை மட்டும் பொறுத்ததல்ல, கூட்டாளியின் மனதையும் பொறுத்தது.

இதுதான் செஸ்ஸின் ஆதி வடிவம் என்று டங்கன் ஃபோர்ப்ஸ் 1860இல் வாதிட்டார். இருவர் ஆட்டமே முந்தையது என்று முர்ரே 1913இல் மறுத்தார். இன்று பெரும்பாலோர் முர்ரே பக்கம்தான்.

எது முந்தியதோ இருக்கட்டும். அடுத்த விடுமுறையில் நசரத்பேட்டை வெயிலுக்கு வீட்டுக்குள் அடையும் பிள்ளைகளுக்கு, சாதாரணப் பலகையிலேயே இதைச் சொல்லிக்கொடுங்கள். படகுக்குக் கேரம் காய் போதும். முதலில் தோற்ற பிள்ளை எழுந்து போகாமல், "என்னை மீட்டுடு" என்று கூட்டாளியைக் கேட்கட்டும். அந்தக் கூட்டாளி என்ன செய்கிறார் என்று கொஞ்சம் கவனியுங்கள்.