முகப்பருவும் மனக்கலக்கமும்: பழி இடம் மாறிய வரலாறு

முகப்பரு வாலிபத்தோடு சேர்ந்து வருவது என்பதைப் பழைய மருத்துவ நூல்கள் நன்கறிந்திருந்தன. இளைஞர்களின் முகத்தில் இலவ மரத்து முள்ளைப் போல எழும் கொப்புளங்களுக்குச் சுசுருத சம்ஹிதை 'முகதூஷிகை', அதாவது முகத்தைக் கெடுப்பது, என்று பெயரிட்டு, அவற்றைச் சிறு நோய்களின் வரிசையில் வைத்து, கபம், வாதம், இரத்தம் ஆகியவற்றின் கேட்டைக் காரணமாகக் காட்டி, வசம்பு, லோத்திரப் பட்டை, இந்துப்பு, கடுகு ஆகியவற்றை அரைத்துப் பூசச் சொல்கிறது. இன்றைய மருத்துவம் இந்நோய்க்கு வழங்கும் 'ஆக்னி' என்னும் பெயரோ, 6ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசில் வாழ்ந்த ஏட்டியஸ் என்ற மருத்துவரின் நூலோடு தொடர்புடையது. உச்சம், நிறைபருவம் எனப் பொருள்படும் 'அக்மே' என்ற கிரேக்கச் சொல்லை ஏடெழுதியோர் பிழைபடப் படியெடுத்ததால் அது பிறந்தது என்று அறிஞர் பலர் கருதுவர். தமிழில் பருவும் பருவமும் ஒலியால் நெருங்கி நிற்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதானா என்பது வேறு கேள்வி.

இந்நூல்களுக்குப் பரு ஒரு சிறு தொல்லை. அதைத் தாங்கிய முகத்துக்குப் பின்னாலிருந்த மனம் அவற்றின் கணக்கில் வரவில்லை. 1ஆம் நூற்றாண்டு உரோமானிய ஆசிரியர் செல்சஸ், இத்தகைய புள்ளிகளுக்கு மருத்துவம் பார்ப்பதே ஏறக்குறைய அறிவீனம் என்றும், ஆயினும் பெண்களை அழகு பற்றிய கவலையிலிருந்து விடுவிக்க முடியாது என்றும் எழுதினார். அந்தக் கவலையை அவர் கண்டார், ஆனால் நோயின் பகுதியாக எண்ணவில்லை.

தோல்நோய்களைக் கண்ணால் கண்ட வடிவத்தைக் கொண்டு வகைப்படுத்தும் முறையை இலண்டனில் இராபர்ட் வில்லன் தொடங்கிவைக்க, அவருடைய மாணவர் தாமஸ் பேட்மன் 1813இல் வெளியிட்ட கையேட்டின் வழியே அது பரவியது. முகப்பருவும் அதில் தனியிடம் பெற்றது. வகைப்பாடு தெளிந்ததே தவிர, காரணம் தெளியவில்லை. அந்த இடைவெளியை 19ஆம் நூற்றாண்டின் ஒழுக்கப் போதனை நிரப்பிக்கொண்டது: பரு, சுயஇன்பப் பழக்கத்தின் அடையாளம் என்றும் அடக்கமின்மை முகத்தில் எழுதும் சாட்சி என்றும் மருத்துவர்களே எழுதினர், திருமணமானால் தணியும் என்ற நம்பிக்கையும் உலவியது. மனத்துக்கும் முகத்துக்கும் தொடர்புண்டு என்ற கருத்து மருத்துவத்துக்குள் வலுவாக நுழைந்த முதல் வாயில் இதுதான் என்பது இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. ஏற்கெனவே கூசி நின்ற பதினாறு வயதுப் பிள்ளை, இந்தக் குற்றச்சாட்டையும் சுமந்துகொண்டே மருத்துவர் முன் நிற்க வேண்டியிருந்தது.

இதிலிருந்து விலகிய பார்வையொன்றைப் பாரிஸ் நகரின் தோல்நோய் மருத்துவர் லூயி புரோக் 1898இல் முன்வைத்தார். பருக்கள் சிலவே இருந்தும், அவையும் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் அளவில் இருந்தும், மன உளைச்சலுக்கு ஆளான இளம்பெண்கள் அவற்றை நகத்தால் ஓயாமல் கிள்ளியும் பிதுக்கியும் புண்ணாக்கிக்கொள்வதை அவர் விவரித்து, அந்நிலைக்கு 'இளம்பெண்களின் கீறல் பரு' எனப் பொருள்படும் பிரெஞ்சுப் பெயரைச் சூட்டினார். ஆண்களிடமும் இது காணப்படுவதால் பெயரின் பின்பாதி பொருந்தாது. எனினும் முன்பாதி கூரியது. கண்ணாடி முன் நிற்கும் பெண்ணின் விரல், தானாகவே மேட்டைத் தேடிச் செல்கிறது. பிதுக்கியதும் ஒரு கணம் பதற்றம் தணிகிறது. மறுநாள் அந்த இடத்தில் சிவந்த புண்ணும், அதன்மேல் பொருக்கும், பொருக்கைப் பெயர்த்தால் தழும்பும் உண்டாக, அவற்றைக் கண்டு கலங்கும் மனம் மீண்டும் விரலைக் கண்ணாடிக்கு அழைத்து வருகிறது. நோயாளியைக் குற்றவாளியாக்காமல், பதற்றம் தோலில் செயற்படும் வழியொன்றைச் சுட்டியதே புரோக்கின் பங்களிப்பு.

விரல் தொடாத பருவையும் மனம் தூண்டுமா என்ற கேள்விக்கு, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஸ்டோக்ஸ், டொனால்டு பில்ஸ்பரி ஆகிய இருவரும் 1930இல் வெளியிட்ட கட்டுரையில் விடை தேடினர். கவலையும் சோர்வும் வயிற்றில் அமிலச் சுரப்பைக் குறைக்கின்றன, அதனால் பெருங்குடல் நுண்ணுயிர்கள் சிறுகுடலின் கீழ்ப்பகுதிவரை ஏறி வருகின்றன, குடலின் தடுப்பு தளர்ந்து அழற்சி உடலெங்கும் பரவித் தோலில் வெளிப்படுகிறது என்பது அவர்களுடைய கருதுகோள். அழற்சி என்பது சிவத்தல், வீக்கம், வலி ஆகியவற்றோடு உடல் காட்டும் எதிர்வினை. மருந்தாக அவர்கள் பரிந்துரைத்தவற்றுள் அசிடோபிலஸ் நுண்ணுயிர் சேர்த்துப் புளிக்கவைத்த பாலும் மீனெண்ணெயும் உண்டு. நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த இக்கருத்து, குடலுக்கும் மூளைக்கும் உள்ள உறவு பேசப்படும் இக்காலத்தில் மீண்டும் எடுத்துக்காட்டப்படுகிறது; அதை நிறுவப்பட்ட உண்மையாக அல்லாமல், நல்லதொரு ஊகமாகக் கொள்வதே முறை.

1948இல் மாரியன் சுல்ஸ்பெர்கரும் சைடன்ஸும் எழுதிய கட்டுரை, அம்பின் திசையைத் திருப்பியது. பருவைக் கவலை தோற்றுவிக்கிறதா என்பதைவிட, பரு எவ்வளவு கவலையைத் தோற்றுவிக்கிறது என்பதை அவர்கள் அழுத்திச் சொல்லி, மனக்காயம் விளைவிப்பதில் இதை மிஞ்சும் நோய் வேறில்லை என்ற அளவுக்குச் சென்றனர். இதற்கிடையே, பருவுக்குக் காரணம் உணவே என்ற பழியும் வேறு சிலரால் ஆராயப்பட்டது: பில்ஸ்பரியின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் கிளிக்மன் குழுவினர் 1969இல் 65 பேரிடம் நடத்திய சாக்லேட் ஆய்வு, பருவுக்கும் சாக்லேட்டுக்கும் தொடர்பில்லை என்றது. அந்த 65 பேரில் 35 பேர் சிறைக்கைதிகள் என்பதும், சாக்லேட் உற்பத்தியாளர் சங்கம் அதற்கு உதவியது என்பதும் அந்த முடிவை இன்று ஐயத்தோடு படிக்கவைக்கின்றன.

மனநெருக்கடியின் தாக்கத்தை அளந்து பார்த்தவர்களுள் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். 2003இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், 22 மாணவர்களின் முகங்கள் தேர்வில்லாத காலத்திலும் தேர்வுக் காலத்திலும், பருவின் தீவிரத்தைப் படங்களோடு ஒப்பிட்டு மதிப்பிடும் லீட்ஸ் அளவுகோலால் அளக்கப்பட்டன. தேர்வுக் காலத்தில் பரு தெளிவாக மிகுந்தது. நெருக்கடியை மிகுதியாக உணர்ந்தவர்களிடம் அந்த மிகுதியும் பெரிதாக இருந்தது. உணவின் தரம் குறைந்ததும் அதனோடு சேர்ந்து வந்தது. தேர்வு நாட்களில் நேரத்துக்கு உண்ணாத எந்த மாணவருக்கும் இதில் வியப்பிராது. மாதிரி சிறியதாயினும், ஒரே முகத்தை இரு காலங்களில் ஒப்பிட்டது இவ்வாய்வின் வலிமை.

மனநெருக்கடியின்போது மூளை சுரக்கும் முதல் ஹார்மோனாகிய சி.ஆர்.எச். தோலின் எண்ணெய்ச் சுரப்பி உயிரணுக்களிலும் உருவாகி, அங்கேயே கொழுப்பு உற்பத்தியைத் தூண்டுகிறது என்று 2002இல் சுபூலிஸ் குழுவினர் காட்டியிருந்ததால், விடை எளிதாகிவிட்டதாகத் தோன்றியது: கவலை எண்ணெயைப் பெருக்குகிறது, எண்ணெய் பருவை வளர்க்கிறது. 2007இல் சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளி மாணவர் 94 பேரிடம் யோசிபோவிச் குழுவினர் செய்த ஆய்வு அந்த எளிமையைக் கலைத்தது. மனநெருக்கடி மிகுந்தபோது சிவந்த, சீழ் கொண்ட பருக்கள் மோசமாயின. முகத்து எண்ணெயின் அளவோ குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை. எனவே ஆய்வாளரின் கவனம் எண்ணெயிலிருந்து அழற்சிக்கும், நரம்பு முனைகள் தோலுக்குள் வெளியிடும் 'சப்ஸ்டன்ஸ் பி' போன்ற வேதிப்பொருள்களுக்கும் நகர்ந்தது.